இரண்டு லென்ஸும் எடுக்காத படமும்

ஆடிக் கிருத்திகைக்குப் பத்து வாரம் இருந்தபோது என் கையில் இரண்டு லென்ஸ்கள் இருந்தன. இரண்டும் இருநூற்றுப் பத்து மில்லிமீட்டர். இரண்டிலும் நான்கு கண்ணாடிகள், ஒரே அமைப்பு. ஒன்று ஜெர்மனியில் செய்தது, மற்றது ஜப்பானில் செய்தது. வயதில் முப்பது வருடம் முன்னே பின்னே இருக்கலாம். இரண்டுமே என்னைவிட மூத்தவை. ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்திருக்க வேண்டியது.

படம் எடுக்க வேண்டியது என் மனைவியை. போன மழைக்காலத்தில் மகளுக்கு டெங்கு வந்து தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போன நாட்களில், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே திருத்தணி முருகனுக்குத் தன் முடியைத் தருவதாக வேண்டிக்கொண்டுவிட்டாள். பூமுடி இல்லை, முழு மொட்டை. மகள் தேறி, பள்ளிக்கூடம் போய், பழையபடி என்னோடு வாயாட ஆரம்பித்துவிட்டாள். வேண்டுதல் பாக்கி நின்றது. வயதுக்கு வந்ததிலிருந்து கத்தரி படாத முடி அது. அவிழ்த்துவிட்டால் இடுப்பைத் தாண்டி இறங்கும்.

"குடுக்கறதுக்கு முன்ன ஒரே ஒரு படம் எடுத்துக் குடுத்துடுயா. முடிய அவுத்து வுட்டுகினு, பெருசா. சுவத்துல மாட்டணும்" என்றாள்.

"போன்ல எடுத்தா போதாதா?"

"போன்ல இருக்கறதெல்லாம் கொண்ட போட்டது. அந்தப் பெரிய பொட்டிய வாங்கி வெச்சிகினு கீறியே, அது இன்னாத்துக்கு?"

முடிதான் திரும்ப வளருமே என்று ஏதோ சமாதானம் சொன்னேன். "நாப்பது வயசுல போற முடி இதே மாதிரி வளரும்னு உன்கிட்ட யாரு சொன்னா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நான் அந்தப் பெட்டியில்தான் எடுத்துத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

அந்தப் பெட்டியைப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. மரத்தால் ஆன கேமரா. நடுவில் மடிப்பு மடிப்பாகத் துருத்தி, பின்னால் உருவம் தலைகீழாக விழும் மங்கல் கண்ணாடி. ஒரு தரத்துக்கு ஒரு தாள் ஃபிலிம்தான் போடலாம். தாள் உள்ளங்கை அகலம் இருக்கும். வாங்கும்போதே லென்ஸ் கிடையாது. எதற்கு வாங்கினாய் என்று கேட்டால் இன்றும் ஒழுங்கான பதில் என்னிடம் இல்லை. நான் ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாக ஆலையில் தரப் பரிசோதகன். பிரேக்குக்குள் போகிற ரப்பர் வளையங்களை விளக்கடியில் உருட்டி உருட்டிப் பார்த்து, நல்லது இந்தப் பக்கம், ஆகாதது அந்தப் பக்கம் என்று பிரிக்கும் வேலை. பதினெட்டு வருடமாக அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடிக்கிறவனுக்கு, தானே குறையோடு ஏதாவது செய்து பார்க்கலாமே என்று ஆசை வரும் போலிருக்கிறது.

லென்ஸ் தேவை என்றதும் பெட்டி விற்ற அதே கடைக்காரரிடம் போனேன். அவருக்கு என்மேல் எனக்கே இல்லாத நம்பிக்கை. இரண்டையும் எடுத்துத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டார்.

"ரெண்டையும் எட்துகினு போங்க சார். எது புடிக்குதோ வெச்சிக்கங்க. ஆடி முடியறதுக்குள்ள ஒண்ணக் கொண்டாந்துடுங்க."

"ரெண்டுல எது நல்லதுண்ணே?"

"இத்தினி வருசம் கழிச்சி நல்லது கெட்டது இன்னா சார். ரெண்டுலயும் படம் வுழும்."

அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு கண்ணை மூடி ஒன்றைத் தொட்டிருக்கலாம். என்னால் அது முடியாது. இரண்டு பொருளை முன்னால் வைத்தால் வித்தியாசம் தெரிகிறவரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. இதை ஆலையில் திறமை என்கிறார்கள். வீட்டில் வேறு பெயர் இருக்கிறது.

ஜெர்மன் லென்ஸில் எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு கிடையாது. முன்கண்ணாடியில் யார் யாரோ வேட்டி நுனியால் துடைத்துத் துடைத்து விட்ட மெல்லிய கீறல்கள். உள்ளே கடுகளவில் இரண்டு காற்றுக்குமிழ்கள். அந்தக் காலத்துக் கண்ணாடிக்கு அது குறையே இல்லை என்பார்கள். ஷட்டரை அரை நொடிக்கு வைத்தால் பாதியில் நின்று யோசிக்கும். ஆனால் வெளிச்சத்துக்கு வழிவிடும் அதன் துவாரம் எவ்வளவு சுருக்கினாலும் முழு வட்டமாகவே இருந்தது. ஜப்பான் லென்ஸைச் சாய்த்தால் பூச்சு ஊதாவாக மினுக்கும். கீறல் இல்லை. ஷட்டர் சொன்ன நேரத்தில் திறந்து சொன்ன நேரத்தில் மூடியது. துவாரம் மட்டும் ஐந்து மூலை. உள்பக்கம் ஓரமாக லேசான புகைமூட்டம். பட்டியல் போட்டுப் பார்த்தால் ஜப்பானை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம். மங்கல் கண்ணாடியில் ஜெர்மன் லென்ஸ் வழியாக அவள் முடி தலைகீழாக விழுந்தபோது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

எங்கள் இருவருக்கும் ஒன்றாக வாய்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அவளுக்கு சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் லைன் வேலை. அவள் காலை ஷிஃப்ட் என்றால் எனக்கு இரவு ஷிஃப்ட். நான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவள் கம்பெனி பஸ்ஸில் ஏறிக்கொண்டிருப்பாள். சாத்தூரிலிருந்து டிப்ளமோ சான்றிதழோடு வந்து இறங்கியவன் தண்டலத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, அவளை வாரத்துக்கு ஒரு நாள் முழுதாகப் பார்க்கிறேன் என்று ஊரில் சொன்னால் சிரிப்பார்கள்.

சோதனைக்கு அவளையே உட்காரவைத்தேன். லென்ஸின் கூர்மையைப் பார்க்க முடியைவிட நல்ல பொருள் கிடையாது. இழை இழையாகப் பிரிந்து தெரிந்தால் நல்ல லென்ஸ், குழைந்து ஒட்டிக்கொண்டால் இல்லை. அதனால் ஒவ்வொரு ஞாயிறும் அவள் காலையில் சீயக்காய் போட்டுக் குளித்து, முடியைக் காயவைத்து, இடது தோளுக்கு முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு, மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவாள். கையில் ஒரு சீட்டு கொடுப்பேன். எந்த லென்ஸ், எவ்வளவு துவாரம், எத்தனை நொடி என்று அதில் எழுதியிருக்கும். லென்ஸ்களின் மேல் செய்தவன் பேர் தெரியாமல் டேப் ஒட்டி, A என்றும் B என்றும் எழுதிவிட்டேன். பேரைப் பார்த்தால் மனசு சாயும். எது எந்த ஊர் என்று எனக்குத் தெரியும்தான்; இருந்தாலும் ஆலையில் இப்படித்தான் செய்வோம்.

"ஜெயில்ல எடுக்கற போட்டோ மாரி கீதுயா" என்றாள் சீட்டைப் பிடித்துக்கொண்டு.

"ஆடாத."

"மூச்சு வுடலாமா?"

"படம் எடுத்ததுக்கு அப்புறம் விடு."

ஃபிலிம் என்று நான் சொல்வது காஞ்சிபுரத்து மருந்துக்கடையில் வாங்கிய எக்ஸ்ரே ஃபிலிம். சிவப்பு விளக்கில் வெட்டி அளவாக்கிக்கொள்ளலாம். வார நாட்களில் ஷிஃப்ட் முடிந்து வந்து, குளியலறை ஜன்னலை அட்டையால் மூடி, மூன்று டிரேக்களில் கழுவுவேன். அவள் வேலைக்குப் போயிருப்பாள். காய்ந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ரப்பர் வளையம் பார்க்கிற அதே உருப்பெருக்கியால் பார்த்து, நோட்டில் மதிப்பெண் போடுவேன். ஒரே நிலையில் மூன்று தாள். மூன்றும் ஒத்துப்போனால்தான் முடிவு செல்லும்.

ஒருமுறை கிளிப்பில் தொங்கிய நெகட்டிவ் ஒன்று ஞாயிற்றுக்கிழமை வரை அங்கேயே இருந்துவிட்டது. அவள் அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். முகம் கறுப்பாகவும் முடி வெள்ளையாகவும் இருந்ததைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அறுவது வயசுல இப்டித்தான் இருப்பேனா?"

"இது நெகட்டிவ். இத பிரிண்ட் போட்டாத்தான் மொகம் தெரியும்."

"அப்போ போடேன்."

"இது டெஸ்ட்தான். கடைசிப் படத்துக்குப் போடுவோம்."

இரண்டாம் வாரம் ஜெர்மன் லென்ஸில் ஒரு கோளாறு கண்டுபிடித்தேன். துவாரத்தைத் திறந்துவைத்து அவள் கண்ணில் கூர்மை வைத்தால், சுருக்கியதும் கூர்மை பின்னால் நழுவிக் காதோர முடியில் போய் உட்கார்ந்தது. சரி, சுருக்கிய பிறகே கூர்மை வைக்கலாம் என்று மறுபடி எல்லாவற்றையும் எடுத்தேன். அதற்குப் பிறகு வெயிலுக்கு எதிராக உட்காரவைத்தபோது ஜப்பான் லென்ஸின் புகைமூட்டம் முடியின் ஓரத்தில் வெளுப்பைக் கொட்டியது. ஒரு ஞாயிறு முழுவதும் மேகம். இன்னொரு ஞாயிறு முந்தின நாள் டபுள் ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்தவள் நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். தலை சாய்ந்ததால் ஆறு தாள் வீண். எனக்குக் கோபம் வந்தது. கோபப்பட்டேன் என்பதை நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அன்றைக்கு நானும் இரவு ஷிஃப்ட் முடித்துக் கண் எரிய நின்றுகொண்டிருந்தேன். இரண்டு பேரும் களைத்திருக்கும் வீட்டில் யார் அதிகம் களைத்தவர் என்ற போட்டி மட்டும் களைப்பில்லாமல் நடக்கும்.

"இன்னும் எத்தினி?" என்பாள்.

"மூணு."

"அப்பவும் மூணுன்னுதானே சொன்ன. கல்யாணமே அர மணி நேரத்துல முடிஞ்சிது. ஒரு படத்துக்கு இத்தினி வாரமா? ஏதோ ஒண்ணுல எடுத்து முடியேன்."

"ஏதோ ஒண்ணுல எடுத்தா, இன்னொண்ணுல எடுத்திருக்கலாமோன்னு ஆயுசுக்கும் இருக்கும்."

"உனக்குத்தானே இருக்கும். எனக்கு இன்னா."

டேப்பில் A என்று எழுதிய லென்ஸைக் கழற்றி B-யை மாட்டினேன்.

ஒன்பதாவது ஞாயிறு முடிந்தபோது முடிவு வந்துவிட்டது. ஜெர்மன். மூன்று மதிப்பெண் வித்தியாசம். அந்த மூன்றும், பக்கத்தில் வைத்துச் சொன்னால்கூட யாருக்கும் கண்ணில் படாத மூன்று. எனக்குப் பட்டது. டேப்பைப் பிரித்தபோது ஆலையில் பெரிய குறை ஒன்றைப் பிடித்த நாளில் வருகிற பெருமை வந்தது. ஜப்பான் லென்ஸைத் துணியில் சுற்றி எடுத்துவைத்தேன். கிருத்திகை செவ்வாய்க்கிழமை வந்தது. அதற்கு முந்தின ஞாயிறு, பத்தாவது ஞாயிறு, காலை பத்து மணி வெளிச்சத்தில் படம் என்று அவளிடம் சொன்னேன். பச்சைப் புடவை எடுத்துவைத்தாள். சீட்டு உண்டா என்று கேட்டாள். கிடையாது என்றேன்.

சனிக்கிழமை சூப்பர்வைசர் கூப்பிட்டார். திங்கட்கிழமை கஸ்டமர் தணிக்கைக்கு வருகிறான், ஞாயிறு எல்லாரும் வர வேண்டும், நல்லதா ஆகாததா என்று முடிவாகாமல் ஹோல்டில் கிடக்கும் சரக்குப் பெட்டிகளை எல்லாம் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்றார். அரை நாள் கேட்டுப் பார்த்தேன். "வீட்டுக்காரம்மாவ போட்டோ எடுக்கணும்னு தணிக்கைக்காரன்கிட்ட எழுதிக் குடுக்கட்டா?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பதினெட்டு வருடத்தில் எப்போது சிரிக்க வேண்டும் என்பது பழகிவிடுகிறது.

ஞாயிறு காலை அவள் தலைக்குக் குளித்திருந்தாள். சாயங்காலம் நான் வந்து சேர்ந்தபோது வானம் இருட்டிக்கொண்டு தூறல் போட்டது. பச்சைப் புடவையோடு உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை எனக்குத் தணிக்கை, அவளுக்குப் பகல் ஷிஃப்ட். செவ்வாய் விடியும் முன்பே அவள் தம்பி வேனோடு வந்து ஹாரன் அடித்தான். அந்த வெளிச்சத்தில் எக்ஸ்ரே ஃபிலிமில் எதுவும் பதியாது. பெட்டியை வெளியே எடுக்கக்கூட இல்லை. அத்தனை ஞாயிறு உட்காரவைத்துவிட்டு இப்போது போனை நீட்ட எனக்கு முகம் இல்லை.

திருத்தணியில் காவடிக் கூட்டம். முடி காணிக்கை மண்டபத்தில் அவளுடைய கிளிப்புகளையும் செருப்பையும் கைப்பையையும் பிடித்துக்கொண்டு நின்றேன். முடியைத் தண்ணீரால் நனைத்து, இரண்டாகப் பிரித்து முடிச்சுப் போட்டு, உச்சியிலிருந்து கத்தியை ஓட்டினார் அங்கே மொட்டை போடும் ஒரு அம்மா. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அவள் குனிந்தபடி கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பக்தி என்று அவள் தம்பி நினைத்திருப்பான். வெட்கம்தான். ஒரு படம், ஒரே ஒரு படம் கேட்டாள், பத்து வாரம் இருந்தது.

திரும்பி வரும்போது வேனில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே ஆரம்பித்தாள்.

"வுடுயா, ஏன் மூஞ்சிய அப்டி வெச்சிகினு கீற. அந்த டெஸ்ட் படத்துல ஒண்ண எடுத்துப் பெருசு பண்ணிடு. சீட்டு தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போவுது."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா என்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

அந்தப் படங்கள் இல்லை. ஏன் இல்லை என்றால், எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. சோதனைக்காகச் செய்த பீஸ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை வைத்திருக்கக் கூடாது. பார்த்து, எழுதி, ஷிஃப்ட் முடிவதற்குள் வெட்டிப் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் எப்படியாவது நல்ல சரக்கோடு கலந்து வெளியே போய்விடும். நான் சேர்ந்த புதிதில் அப்படி ஒன்று போய்விட்டது; லைன் முழுவதையும் நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள். அன்றிலிருந்து வெட்டுவது என் வேலை. பதினெட்டு வருடமாகச் சோதனை பீஸைப் பார்த்து முடித்ததும் கை தானாகக் கத்தரியைத் தேடும். ஒவ்வொரு வாரமும் நோட்டில் மதிப்பெண் எழுதிய கையோடு, அவளுடைய நெகட்டிவ்களை நான்காக வெட்டிக் குப்பையில் போட்டுவந்தேன். அவள் எடுத்துப் பார்த்துச் சிரித்தாளே, அதையும் வெட்டினேன். வெட்டும்போது யோசிக்கவே இல்லை. கடைசிப் படத்தோடு இவை கலந்துவிடக் கூடாது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

வீட்டுக்கு வந்து, அவள் தம்பியும் மற்றவர்களும் கிளம்பிப் போனபிறகு சொன்னேன். அவள் ஈரத் துண்டால் சந்தனத்தை ஒற்றிக்கொண்டிருந்தாள். மெல்ல மெல்லச் சொல்லலாம் என்று ஆரம்பித்தவன், ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். நோட்டைக்கூடக் கொண்டுவந்து காட்டினேன். எதற்குக் காட்டினேன் என்று தெரியவில்லை. அவள் அதை வாங்கிப் பார்த்தாள். A, B, எண்கள், டிக் அடித்தது, குறுக்கே அடித்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே, ஆலையில் எழுதுவதுபோலவே, 'அழிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒம்போது ஞாயித்துக்கெழம ஒக்காந்தேன்" என்றாள். "ஒண்ணுல கூடவா நான் நல்லா இல்ல?"

"ஐயோ, நீ நல்லா இல்லன்னு வெட்டலம்மா. அது லென்ஸுக்குப் போட்ட மார்க்கு."

"அப்போ நல்லாத்தான் இருந்தேனா?"

இருந்தாய் என்று சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும். எந்தப் புருஷனும் சொல்வான். உருப்பெருக்கியை வைத்து நான் பார்த்தது இடது தோளில் விழுந்த முடியின் இழைகளை. அப்புறம் நான்கு மூலைகளை. அப்புறம் சீட்டில் எழுத்து பிசிறில்லாமல் வந்திருக்கிறதா என்று. எண்பது தொண்ணூறு தாள் இருக்கும். ஒன்றையாவது ஜன்னலில் வைத்துக் கொஞ்சம் தள்ளி நின்று முழுதாகப் பார்த்தேனா என்று யோசித்துப் பார்த்தேன்.

"நல்லா இருந்தே" என்றேன்.

நோட்டை மூடி என் கையில் கொடுத்தாள்.

"பாத்தியா?"

அதற்கு மேல் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. இல்லை என்றேன்.